ஒரே ஊர், ஒரே கோயில், அரை நாள் போதும்!

போன வருஷம் மே மாதம் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குக் குடும்பத்தோடு போய்வந்தோம். மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா, "பெரிய கோயில் எப்படி இருந்தது?" என்று ஆசையாகக் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் நினைவுக்கு வந்தது மூன்றே மூன்று இடங்கள்தான்: சின்னவனுக்கு ஜட்டி மாற்றிய மரநிழல், தண்ணீர் பிடித்த குழாய், செருப்பு விட்ட இடம்!

அதுகூடப் பரவாயில்லை. அன்று வீட்டை விட்டுக் கிளம்பவே காலை 9 மணி. பெரிய கோயில், அரண்மனை, திரும்பும் வழியில் சுவாமிமலை என்று ஒரே நாளில் மூன்று இடம் போட்டிருந்தோம். கொதிக்கும் கல்தரையில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சாயங்காலம் சின்னவன் வாந்தி எடுத்தான். அப்போது அவனுக்கு ஒன்றே முக்கால் வயது. உதடு உலர்ந்துவிட்டது. அழுதால் கண்ணீர் வரவில்லை. மத்தியானத்திலிருந்து சிறுநீரும் போகவில்லை. நேரே டாக்டரிடம் ஓடினோம். "உடம்பில் நீர் வற்றியிருக்கிறது, நல்லவேளை கூட்டி வந்தீர்கள்" என்றார். அன்று ராத்திரி முழுவதும் உப்பு சர்க்கரைக் கரைசலை ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடிகாலையில் அவன் என் மடியை நனைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

'இனி இதுகள் வளரும் வரை எங்கேயும் போவதில்லை' என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

அந்த முடிவை மாற்றியது என் மாமியார்தான். மார்கழியில் ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே, "கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து 42 வருஷம் ஆச்சு. கங்கைகொண்ட சோழபுரத்தை நான் பார்த்ததே இல்லை. 35 கிலோமீட்டர்தானாமே?" என்றார். குறையாகச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னார். ஆனால் எனக்கு என்னவோ செய்தது. மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். இப்போது முழங்கால் வலி. இன்னும் நாலு வருஷம் போனால் அங்கே படியேற முடியுமோ என்னவோ!

"போகலாம் அத்தை. ஆனால் இந்தத் தடவை நான் போடும் திட்டம்தான்" என்றேன்.

நோட்டுப் புத்தகத்தில் எழுதியது

முதலில், ஒரே ஒரு இடம். இரண்டாவது, காலை 6 மணிக்குக் கிளம்பி, வெயில் ஏறுமுன் பார்த்து முடிப்பது. மத்தியானம் சன்னதியின் நடையும் சாத்திவிடுவார்கள். நம் குழந்தைகள் தூங்கும் நேரமும் அதுதான். மூன்றாவது, மாதம். தை மாதக் காலை குழந்தைகளுக்குச் சுகம். ஐப்பசிப் பௌர்ணமியில் அங்கே அன்னாபிஷேகம் பிரசித்தம். பார்க்க வேண்டியதுதான், ஆனால் கைக்குழந்தையோடு அந்தக் கூட்டத்தில் வேண்டாம்.

நான்காவதாக எழுதியதைப் படித்துவிட்டு இவர் சிரித்தார். 'பெரியவர்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கு அரை மணி நேரம். அந்த நேரத்தில் குழந்தைகள் அவர்கள் பொறுப்பு இல்லை.' "இது என்ன, ஆபீஸ் ஷிப்ட் மாதிரி?" என்றார். "ஆமாம்ங்க, ஷிப்டேதான்" என்றேன்.

சாப்பாட்டு மூட்டை சின்னதுதான். பெரியவர்களுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் புளியோதரையும். குழந்தைகளுக்கு நெய் தடவிய இட்லி, வாழைப்பழம், வெள்ளரிக்காய், தயிர்சாதம். தயிர்சாதத்துக்குக் குழைந்த சாதத்தில் காய்ச்சி ஆறிய பாலை விட்டுப் பிசைந்து, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் சேர்த்தால் போதும். மத்தியானத்துக்குள் புளிக்காமல் தோய்ந்திருக்கும். தேங்காய்ச் சட்னி மட்டும் வேண்டாம், சீக்கிரம் ஊசிப்போகும்.

காய்ச்சி ஆறிய தண்ணீர் தாராளமாக இருக்கட்டும். கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு பையில் இருக்கட்டும். அதன் மேல் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும், தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பும். உப்பு கூடிவிடக் கூடாது. குடித்ததெல்லாம் வாந்தியாகப் போனாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

குழந்தைகளுக்குப் பருத்திக் காலுறை ஆளுக்கு இரண்டு ஜோடி. கோயிலில் செருப்பு இல்லாமல் நடக்க வேண்டுமே, கல் சுடும்போது உதவும். சட்டைப்பையில் எங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டு ஒன்று.

கீழணையைத் தாண்டி

அணைக்கரைப் பாலத்தில் கொள்ளிடத்தைத் தாண்டும்போது, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மூத்தவளிடம் இவர் கதை சொன்னார். "நாம பார்க்கப் போற கோயிலோட கல்லு கொஞ்சம் இங்கே இருக்கு, தெரியுமா?" நிஜம்தான். 1836-ல் இங்கே கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் மதிலையும் கோபுரத்தையும் பெயர்த்துக் கற்களை எடுத்துப் போனார்கள். "கோயில் அழலையாப்பா?" என்று கேட்டாள். இவருக்குப் பதில் தெரியவில்லை!

ஏழே கால் மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். இன்று அரியலூர் மாவட்டத்தில் ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் அது ஒரு சிற்றூர். சுமார் 250 வருஷம் சோழர்களின் தலைநகராக இருந்தது என்று சொன்னால் நம்ப முடியாது. ராஜராஜனின் மகன் முதலாம் ராஜேந்திரன் கங்கை வரை படை அனுப்பி வென்ற நினைவாக எழுப்பிய நகரம். கங்கை நீரைக் கொண்டுவரச் செய்து, சோழகங்கம் என்ற பெரிய ஏரியையும் வெட்டினான். பொன்னேரி என்று இன்று சொல்வது அதைத்தான். கோயில் 1035-ஐ ஒட்டிக் கட்டியது. தஞ்சை விமானம் 216 அடி என்றால் இது சுமார் 180 அடி. தஞ்சையில் கோடு போட்டது போல நேராக ஏறும் விமானம், இங்கே உள்வாங்கி நளினமாக வளைந்து ஏறுகிறது. 2004-ல் யுனெஸ்கோ உலக பாரம்பரியச் சின்னங்களில் இதையும் சேர்த்தது.

வாசலில் கால் வைத்ததுமே விரிந்த புல்வெளி. சின்னவனை இறக்கிவிட்டேன். தஞ்சாவூரில் நான் செய்யாத காரியம் அது. முக்கால் மணி நேரம் இரண்டும் பனி ஈரத்தில் ஓடின. நந்தியைப் பார்த்துச் சின்னவன் 'ம்மா' என்று கத்தினான். தஞ்சாவூர் நந்தி போல ஒரே கல்லில் செதுக்கியதல்ல, கட்டி எழுப்பிய நந்தி இது. சிங்கக் கிணறு குழந்தைகளுக்கு ரொம்பப் பிடித்தது. பெரிய சிங்கம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கிணற்றுக்குப் போகும் படிகள் அதன் உடம்புக்குள்ளே இறங்குகின்றன. அங்கே மட்டும் பிடித்த கையை விடாதீர்கள்.

எங்கள் ஷிப்ட்

முதல் முறை அத்தைக்கு. மூத்தவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினார். உள்ளே சுமார் 13 அடி உயர லிங்கம். அரை மணி கழித்து இறங்கி வந்தவர் ஒன்றும் பேசவில்லை. நெற்றி நிறைய விபூதி. என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். அவ்வளவுதான்.

அடுத்தது என் முறை. "நீ போய்ப் பாரும்மா. இவங்களை நாங்க பார்த்துக்கறோம்" என்றார் அத்தை.

வடக்குப் படிக்கட்டுப் பக்கம் போனேன். அங்கே சண்டேச அனுக்கிரக மூர்த்தி. சிவனும் பார்வதியும் உட்கார்ந்திருக்கிறார்கள். காலடியில் கைகூப்பியபடி சண்டேசர். குனிந்த அந்தத் தலையில் சிவன் பூமாலையைச் சுற்றிக் கட்டுகிறார். ராஜேந்திரனுக்கே இறைவன் வெற்றி மாலை சூட்டுவதாக இதைச் சொல்கிறவர்களும் உண்டு. எனக்கென்னவோ, பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளைக்குத் தலைவாரிவிடும் கை மாதிரித்தான் தெரிந்தது. பூ நழுவாமல், வலிக்காமல், அவசரமில்லாமல் கட்டும் கை. யாரும் என் புடவைத் தலைப்பை இழுக்கவில்லை. 'அம்மா தண்ணி' இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு பொருளை நான் முழுசாகப் பார்த்தது அன்றுதான் என்று தோன்றியது. கண் கலங்கிவிட்டது.

திரும்பி வந்தால் சின்னவன் சட்டை முன்பின்னாக இருந்தது! நிஜார் வேறு நிறத்தில். "ஒண்ணும் இல்லை, சின்ன வெள்ளம். சமாளிச்சிட்டேன்" என்றார் இவர் பெருமையாக. சட்டையைத் திருப்பிப் போடக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டேன்.

பத்தரைக்குச் சாப்பாடு முடிந்தது. தன் அரை மணியையும் சுற்றி முடித்துவிட்டு வந்த இவர் மெல்ல ஆரம்பித்தார். "மாளிகைமேடு ரெண்டு கிலோமீட்டர்தான். ராஜேந்திரனோட அரண்மனை அஸ்திவாரம் தோண்டி எடுத்திருக்காங்க. ஒரு எட்டுப் பார்த்துட்டு..." சின்னவன் கண்ணைக் கசக்க ஆரம்பித்திருந்தான். எனக்கும் ஆசைதான். ஆனால் தஞ்சாவூர் ராத்திரி ஞாபகம் வந்தது. நோட்டுப் புத்தகத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன். முதல் வரியைப் படித்துவிட்டு, "சரி, அடுத்த தடவை" என்றார். 12 மணிக்கு வீட்டில் இருந்தோம். குழந்தைகள் இரண்டும் வண்டியிலேயே தூங்கிவிட்டன.

மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா கேட்டதும் நான் சொல்லத் தொடங்கினேன். விமானத்தின் வளைவு, சிங்கக் கிணறு, பூமாலை கட்டும் கை... அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியவில்லை!

குழந்தைகளோடு கிளம்பும் சகோதரிகளே, இடத்தைக் குறையுங்கள், சீக்கிரம் புறப்படுங்கள். கூடவே, உங்கள் அரை மணி நேரத்தை வீட்டிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே போன பிறகு கேட்டால் கிடைக்காது!