கட்டிலுக்கு ஞாபக சக்தி வேணும்

எங்க செம்பாக்கம் பக்கம் காத்தும் மழையும் சேர்ந்து வந்தா கரண்ட் போகும். புகார் இல்லீங்க, இந்தப் பதிவுக்கு அது முக்கியம், அதான் முதல்லயே சொல்லிடறேன்.

பக்கவாதம் வந்ததுலேர்ந்து அம்மாவுக்கு மூக்கு வழியா ட்யூப்லதான் ஆகாரம். கொடுக்கும்போது தலைப்பக்கம் 30-லேர்ந்து 45 டிகிரி தூக்கியிருக்கணும். முடிச்சப்புறமும் அரை மணி, முடிஞ்சா ஒரு மணி நேரம் அப்படியே இருக்கணும். சட்டுன்னு படுக்க வெச்சா வயித்துல இருக்கறது மேல வந்து நுரையீரலுக்குப் போயிடலாம். அப்புறம் நிமோனியா, ஆஸ்பத்திரி. நான் செகண்ட் ஹேண்ட்ல வாங்கின மோட்டார் கட்டில்ல ரெண்டே பட்டன்: மேல, கீழ. எத்தனை டிகிரின்னு அது சொல்லாது. அம்மாவைப் பாத்துக்க வர்ற பொண்ணு கண் மதிப்புலதான் நிறுத்தும். ராத்திரி 2 மணிக்குக் கண் மதிப்பு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

தூக்கற சமாச்சாரத்துக்குப் பேர் லீனியர் ஆக்சுவேட்டர். உள்ள 24 வோல்ட் மோட்டார், பல்சக்கரம், நீளமா ஒரு ஸ்க்ரூ, அது மேல ஓடற நட்டு. மோட்டார் சுத்தினா தண்டு வெளிய வரும், ப்ளஸ் மைனஸை மாத்திக் கொடுத்தா உள்ள போகும். மரையோட சாய்வு கம்மிங்கறதால கரண்ட் போனாலும் தண்டு நின்ன இடத்துலயே நிக்கும். பாதி நிம்மதி அதுலயே.

தண்டு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க ரெண்டு வழி உண்டு. எட்வின் ஹால் 1879-ல கண்ட விளைவை வெச்சு ஓடற ஹால் சென்சார் ஒண்ணு. மோட்டாரோட சுத்தற காந்தம் கடக்கும்போதெல்லாம் ஒரு பல்ஸ் வரும், எண்ணிக்கிட்டே போகணும். இன்னொண்ணு பொட்டென்ஷியோமீட்டர், பழைய ரேடியோ வால்யூம் குமிழோட சொந்தக்காரன். தண்டு நகர நகர வோல்டேஜ் மாறும்.

மெப்ஸ்ல வேலை பாக்கற நண்பர், "ஹால் போடுங்க சார், தேய்மானமே கிடையாது"ன்னார். அவர் மெஷினுக்கு அது சரி. ஆனா ஹால் எண்ணும், அவ்வளவுதான். கரண்ட் போய் வந்தா எண்ணிக்கை போச்சு. மெமரியில எழுதி வைக்கலாம், ஆனா ஓடிட்டிருக்கும்போது கரண்ட் போனா கடைசி சில பல்ஸ் தொலையும். திரும்ப சரி பண்ண தண்டைக் கடைசி வரைக்கும் உள்ள இழுத்து பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்கணும். கட்டில் பாஷையில அதுக்கு அர்த்தம், அம்மாவை மட்டமா படுக்க வைக்கறது. ஆகாரம் கொடுத்து பத்தே நிமிஷம் ஆயிருந்தா?

அதனால தேய்ஞ்சாலும் பரவாயில்லைன்னு பொட்டென்ஷியோமீட்டரே. கரண்ட் வந்த நொடியே இடத்தைச் சொல்லிடும், நகரவே வேண்டாம். எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடிச்சு ரிச்சி தெரு போய் 200 மி.மீ. ஆக்சுவேட்டர், அர்டுயினோ, ரெண்டு ரிலே வாங்கிட்டு வந்தேன். அர்டுயினோ அந்த நீளத்தை 0-லேர்ந்து 1023 வரைக்கும் படிக்கும், ஒரு எண்ணுக்குக் கிட்டத்தட்ட 0.2 மி.மீ. ஆனா மில்லிமீட்டரும் டிகிரியும் சமமா ஏறாது. செல்போன் ரசமட்டத்தைக் கட்டில் மேல வெச்சு, 5 டிகிரிக்கு ஒரு தடவை எண்ணைக் குறிச்சு அட்டவணை போட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமை காலி.

சரியா 30-லயே நிக்கணும்னு அடம் பிடிச்சா மோட்டார் முன்னயும் பின்னயும் ட்ர்ர் ட்ர்ர்னு ஆடிக்கிட்டே இருக்கும். நாலஞ்சு எண் இப்படி அப்படி இருந்தா போதும்னு விட்டுட்டேன். மோட்டார் ஓடியும் அரை செகண்ட்ல எண் மாறலைன்னா நிறுத்திடும், யார் கையாவது மாட்டியிருக்கலாம். வயர் அறுந்தா எண் ஒரு ஓரத்துக்கு ஓடிடும், அப்பவும் நிறுத்தம். ப்ரோக்ராம்ல பாதி இந்த மாதிரி பயங்கள்தான் :-)

இப்ப ஒரு பட்டன், பக்கத்துல சின்ன டிஸ்ப்ளே. "அண்ணா, 35 காட்டுது, ஊத்தட்டுமா?"ன்னு அந்தப் பொண்ணு கேக்கும். கால் பக்க மோட்டார் இன்னும் பாக்கி. அதுக்குக் கண் மதிப்பே போதும்.