திண்டிவனம் வரை

1896 ஆகஸ்ட் 29ந் தேதி, பதினாறு வயதுப் பையன் ஒருவன் மதுரையில் ரயில் ஏறினான். அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கென்று இருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டையும் ஒரு கடிதத்தையும் வீட்டில் வைத்துவிட்டு வந்தவன். கடிதம் 'நான்' என்று ஆரம்பித்து, 'இது' என்று மாறி, கையெழுத்தில்லாமல் முடிகிறது. தன்னிலை கரைவதைப் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். வேங்கடராமன் (பின்னால் ரமண மகரிஷி) சில வரிகளில் முடித்துவிட்டார். எனக்கு அதைவிடப் பிடித்தது, சம்பளம் இன்னும் கட்டவில்லை, இரண்டு ரூபாய் இத்துடன் இருக்கிறது என்று கணக்கு ஒப்பித்ததுதான். நான் வங்கி குமாஸ்தா.

அந்த ரயில் எங்கள் வடமதுரையைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து திருச்சிக்குப் பாதை அப்படி. பையன் பார்த்திருந்தது பழைய வரைபடம். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போட்டிருந்த ரயில் பாதை அதில் இல்லை. எனவே திண்டிவனத்துக்குச் சீட்டு, இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. வண்டியில் ஒரு மௌல்வி திருத்திச் சொன்னார். விழுப்புரத்தில் இறங்கி, இருந்த சில்லறைக்கு மாம்பழப்பட்டு வரை ரயில், அப்புறம் நடை.

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை, அதே ஊருக்கு நானும் கிளம்பினேன், லாரியில் இடம் கேட்டுக் கேட்டு. ஆன்மீகத் தேடல் என்று சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள். இல்லையென்றால் பொய். வீட்டில் ஒரு சீட்டு எழுதி வைத்தேன். பழக்க தோஷத்தில் கீழே கையெழுத்தும் தேதியும் போட்டிருந்தேன்.

நான்காவது லாரி நின்றது.

"எங்க சார்?"

"திருவண்ணாமலை."

"வேண்டுதலா?"

"இல்லை, சும்மா."

"சும்மா போறதுக்கு பஸ்ஸுல போலாமே சார்" என்றார் டிரைவர். ஆனாலும் ஏற்றிக்கொண்டார். பக்கத்து ஊரான அய்யலூரில் தக்காளி ஏற்ற நிறுத்தினார். மூன்று மணி நேரம். சும்மா இருக்கக் கூச்சமாகி நானும் பெட்டி தூக்கினேன். வெயிலில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. 1938இல் சாமர்செட் மாம் ரமணாசிரமத்தில் மயங்கி விழுந்தபோது அதைச் சமாதி என்று சொல்லிக்கொண்டார்கள். எனக்கு ஒரு சோடா கொடுத்தார்கள்.

பெட்டியெல்லாம் ஏறியபின் டிரைவருக்குப் போன் வந்தது. லோடு திருச்சிக்கு இல்லை, மதுரைக்கு. லாரி திரும்பியது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வடமதுரையில் இறங்கிவிட்டேன். என் கைபேசியில் இருந்த வரைபடம் கடைசிவரை துல்லியமாக இருந்தது. என் சீட்டின் பின்பக்கத்தில் மனைவி மளிகைச் சாமான் எழுதியிருந்தாள். முன்பக்கத்தைப் படித்தாளா என்று இன்னும் கேட்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் மனதை அறுத்துக்கொண்டிருந்தது. கீழூரில் வேங்கடராமன் காதுக் கடுக்கனை முத்துகிருஷ்ண பாகவதரிடம் நான்கு ரூபாய்க்கு அடகு வைத்தார். விலாசம் எழுதி வாங்கிய சீட்டைக் கிழித்துப் போட்டார். இனி மீட்கப்போவதில்லை. நான் உட்காருவது நகைக் கடன் கவுண்டரில். துறவின் உச்சமாக மற்றவர்கள் காட்டும் அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் கை பதறுகிறது. அவருக்கு அது விடுதலை என்பதில் சந்தேகமில்லை. கிழிக்க முடிகிறவர்களுக்கு விடுதலை. ஏல நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களும் நகையை விட்டுவிடத்தான் போகிறார்கள். அதற்கு என்ன பெயர் வைப்பது?

திங்கட்கிழமை ஒரு பாட்டி வந்தார். வட்டியும் அசலும் முந்தானையில் முடிந்திருந்தது.

"ரசீது தொலஞ்சு போச்சு தம்பி. தோடு கெடைக்குமா?"

"கிடைக்கும் பாட்டி, உட்காருங்க" என்றேன். அதற்கொரு பத்திரம் உண்டு. எழுதிக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டேன். போடத் தெரியாது என்றார். கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றி வைத்தேன்.