ஆறு திரும்பிய ஊர்

அன்புள்ள கயல்,

ஜெங்சௌவிலிருந்து ஷாங்காய் போகும்போது லான்காவ் தெற்கு என்றொரு நிலையம் வந்தது, கோதுமை வயலைத் தவிர அங்கே ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தாய். மஞ்சள் ஆறு திசை மாறியதே அந்த மாவட்டத்தில்தான் அம்மா.

1855 வரை ஆறு தென்கிழக்கே ஓடி மஞ்சள் கடலில் விழுந்தது. அந்தக் கோடை வெள்ளத்தில், இன்றைய லான்காவ் எல்லைக்குள் இருக்கும் தொங்வாஷியாங்கில் கரை உடைந்தது. தைப்பிங் கிளர்ச்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சிங் அரசு உடைப்பை அடைக்கவில்லை. ஆறு ஷாண்டோங் வழியே போஹாய் கடலுக்குப் போய்விட்டது. வரைபடத்தில் பார்த்தால், கிழக்கே வரும் ஆறு லான்காவ் பக்கத்தில் சட்டென்று வடகிழக்கே ஒடிந்து திரும்புவது தெரியும். 1938இல் ஜப்பானியரைத் தடுக்க சியாங் கை-ஷேக்கின் படை ஜெங்சௌ அருகே கரையை வெட்டியதும், 1947 வரை ஆறு தெற்கே அலைந்ததும் தனிக்கதை.

ஆறு இடம் மாறிய மண்ணில் என்ன மிஞ்சும்? பறக்கும் மணல், வடியாத மழைநீர், களர். லான்ஃபெங், காவ்செங் என்ற இரு மாவட்டங்களைச் சேர்த்து 1954இல் உருவான லான்காவின் சொத்து இவ்வளவுதான். பஞ்சத்தில் பிழைக்க வழியில்லாமல் சனங்கள் ரயிலேறிப் பிச்சைக்குப் போனார்கள். 1962 கடைசியில் கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளராக வந்த ஜியாவ் யூலு மணல்மேடுகளைக் களிமண்ணால் மூடவைத்தார், பாலோனியா மரம் நடவைத்தார். 1964இல் கல்லீரல் புற்றுநோயில் இறந்தபோது அவருக்கு 41 வயது. 1966இல் மக்கள் நாளிதழ் அவரைப் பற்றி எழுதிய பிறகு நாடே கொண்டாடியது. உழைத்த மனிதர், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பஞ்சத்தில் மாவோவின் ‘பெரும் பாய்ச்சல்’ கொள்கைக்கு இருந்த பங்கைப் புகழுரைகள் பேசுவதில்லை.

மரத்தேர்வு கெட்டிக்காரத்தனமானது. பாலோனியா வேகமாக வளரும், வேர் ஆழமாகப் போகும், தாமதமாகத்தான் துளிர்க்கும். அதனால் கீழே இருக்கும் கோதுமைக்கு வெயில் கிடைத்துவிடும். மணலைப் பிடித்து நிறுத்த நட்ட மரம், பிறகு சோறும் போட்டது. எடை குறைவு, எளிதில் கோணாது, ஒலியை நன்றாகக் கடத்தும். லான்காவ் பலகையில் செய்த அடுப்புத் துருத்தியின் ஓசையைக் கேட்டுத்தான் ஷாங்காய் வாத்தியக்காரர்கள் தேடி வந்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். இன்று அங்கே ஷூச்சாங் கிராமத்தில் வீட்டுக்கு வீடு குஜெங், பிபா என்ற வாத்தியங்கள் செய்கிறார்கள். உன் விடுதித் தோழி குஜெங் வாசிப்பதாகச் சொன்னாயே, அதன் மேற்பலகை எந்த ஊர் மரம் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
சித்தப்பா