சதுரகிரிக்கு ஒரு ஒத்திகை

அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுவதாக முடிவு. மாட்டுத்தாவணியில் விடிகாலை பஸ். கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு, தாணிப்பாறை. அப்புறம் நடைதான். வழுக்குப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், பிலாவடிக் கருப்பு எல்லாம் தாண்டினால் சுந்தர மகாலிங்கம்.

மழை என்றால் பயணம் ரத்து. 2015 மே மாதம் ஓடையில் திடீரென வந்த வெள்ளம் பக்தர்களை அடித்துப்போனது. அடிவாரத்தில் வெயில் காயும். மேலே பெய்தது ஓடையில் தண்ணீர் வந்த பிறகுதான் தெரியும். “வானத்தைப் பாத்துட்டு ஏறுடா” என்கிறார் அப்பா. இளவட்டத்தில் வருஷம் தவறாமல் ஏறியவர்.

தட்டையான ஊரில் வளர்ந்த கால் இது. ஒத்திகைக்குக் கீழக்குயில்குடி சமணர் மலை. தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரை கெத்தாகப் போனேன். அதற்கு மேல் பாறையில் உட்கார்ந்தவன், எழுந்திருக்க அரைமணி நேரமானது. அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை.