தாலியிற் பொறித்த உருவம்

லாஸ்பேட்டை என்னும் பெயர், பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுவை ஆளுநர் லா என்பவரால் வந்தது என்பர். விமானத் தளமும் கல்லூரிகளும் அமைந்த இப்பகுதியின் உட்தெருக்களிலே, பெரிய நகைக்கடைகளுக்கு அஞ்சாது பட்டறை வைத்துப் பிழைக்கும் பத்தர்கள் இன்னும் சிலர் உளர். தாலிக்குரிய அச்சுகளைக் கேட்டால், ஒரே பெட்டியினின்று சிலுவையும் புறாவும் பிள்ளையாரும் இலக்குமியும் வெளிவருகின்றனர். இவற்றைப் பிரிப்பதற்கென்றே இதே புதுவையில் முன்னர் ஒரு பெருவழக்கு எழுந்தது.

1703 நவம்பரில் பாப்பரசரின் தூதுவராக இங்கு வந்திறங்கியவர் துர்னோன் என்னும் பிதாப்பிதா. சீனத்திற்குச் செல்லும் வழியில் தங்கிய அவர், நோயுற்றமையால் உள்நாட்டு மிசியோன் ஊர்களைச் சென்று காணவில்லை. சேசு சபைக் குருக்கள் இருவரை விசாரித்து, 1704 ஜூன் 23 தேதியிட்ட கட்டளையொன்றை வெளியிட்டார். அதன் 16 விதிகளுள் ஒன்று தாலியைப் பற்றியது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கிறிஸ்தவப் பெண்கள் அணியலாகாது. சிலுவையோ, ஆண்டவர் அல்லது தேவதாயின் உருவமோ பொறித்ததை அணியலாம். 108 இழை கொண்ட மஞ்சள் கயிறும் விலக்கப்பட்டது.

மறையறிவின்படி இதில் பிழை காண்பதற்கில்லை. ஆயினும், தாலி கழன்ற கழுத்து நம் நாட்டில் எதைக் குறிக்கும் என்பதை எத்தாயும் அறிவாள். கட்டளை எழுதியவர் ஆண். கழற்ற வேண்டியவள் பெண். வழக்கு உரோமைக்குச் சென்று நீண்டது. 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர்தாம் அதை முடித்துவைத்தார். தாலி நின்றது, உருவம் மாறியது.

அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்து ஜூனி மக்களிடமும் இத்தகைய அணிகள் உண்டு. நீலப்பச்சைக் கல், பவளம், சிப்பி ஆகியவற்றை நுண்துண்டுகளாக அறுத்து, இடைவெளி தெரியாது வெள்ளியிலே பதிப்பர். சூரிய முகம், வானவில் மனிதன், கத்திகளையே சிறகாகக் கொண்ட பறவை மனிதன் எனத் தம் பழங்கதை உருவங்களை அவற்றில் அமைப்பர். வெள்ளி வேலையை நவஹோ இனத்தாரிடமிருந்து அவர்கள் கற்றது 1870-களிலேதான். பிரான்சிஸ்கன் துறவியரோ 1629-லேயே அங்குக் கோவில் எழுப்பினர். ஜூனியிலுள்ள குவாதலூப்பே அன்னையின் பழைய ஆலயத்தில், 1970 முதல் அலெக்ஸ் சியோத்தேவா என்னும் ஜூனி ஓவியர் தம் முன்னோர் போற்றிய ஆவியுருவங்களைத் தீட்டலானார். ஆலயச் சுவரிலேயே! துர்னோன் கண்டிருப்பின் பதினேழாம் விதி ஒன்று பிறந்திருக்கும்.

சென்ற ஆண்டு நம் பங்குப் பெண்ணொருத்திக்கு வேற்றுச் சமயத்து மணமகன் அமைந்தார். குடும்ப வழக்கப்படி பிள்ளையார் தாலியே வேண்டுமென்றார் மணமகனின் தாயார். சிலுவை இல்லையேல் மணப்பந்தலுக்கே வாரேன் என்றார் பெண்ணின் தந்தை. இரு வாரம் பேச்சில்லை. நிச்சயித்த நாளோ நெருங்கியது. நாம் இரு வீட்டிற்கும் மாறி மாறி நடந்தோம். “உருவத்தை மட்டும் விட்டுக்கொடுங்கள் அம்மா, மற்றவை உங்கள் விருப்பம்” என்றோம். அவ்வம்மையார் வெகுநேரம் பேசாதிருந்து, “சாமி, என் மாமியார் போட்டிருந்த குண்டுகளைச் சேர்த்துக் கோக்கலாமா?” என்றார்.

சிலுவைத் தாலியின் இருபுறமும் அப்பழைய பொற்குண்டுகள் கோக்கப்பட்டன. நாமே மந்திரித்துக் கொடுத்தோம். மஞ்சள் கயிற்றில் எத்தனை இழையென்று பெண்ணின் தந்தை எண்ணவில்லை, நாமும் எண்ணவில்லை.