செங்கோட்டைக்கு எதிரே ஒரு சனிக்கிழமை

தில்லிக்கு வரும் அன்பர்கள் செங்கோட்டையைக் கண்டு களிப்பர். அதற்கு எதிரே உள்ள லாஜ்பத் ராய் அங்காடியுள் நுழைவோர் சிலரே. சென்ற சனியன்று என் பத்து வயது மகனுடன் அங்குச் சென்றேன். (ஞாயிறன்று அடைத்திருக்கும், ஒருமுறை ஏமாந்தவன் நான்.)

அவன் கையில் இருந்தது, மைத்துனர் அனுப்பிய ஜப்பானியக் கியோஷோ நிறுவனத்தின் 'மினி-இசட்' என்னும் ரிமோட் கார். உண்மைக் காரில் 28-இல் ஒரு பங்கு அளவு. அழகுக்கென அதன் கூரைமேல் தகரத்தால் ஒரு சுமைப்பெட்டி செய்து ஒட்டி, மூன்று முறை வண்ணமும் தீட்டியிருந்தான். பத்து நாள் உழைப்பு! அன்று முதல் திருப்பந்தோறும் வண்டி கவிழ்ந்தது. "பெட்டியை எடுத்துவிடு" என்றதற்கு என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

விளக்குச் சரங்கள் தொங்கும் சந்தொன்றில், பழுது பார்க்கும் முதியவர் ஒருவர் வண்டியை விரலால் சாய்த்துப் பார்த்தார். எடை மேலே ஏறியதே குற்றம் என்றார். இருப்புப் பாதையில் வளைவின் வெளிப்புறத் தண்டவாளத்தை உயர்த்தி இடுகிறோம். வீட்டுத் தரைக்கு அச்சலுகை ஏது? பின் சக்கரங்களுக்கு மென்மையான ரப்பர், முன் சக்கரங்களுக்குச் சற்றுக் கடினமானது வேண்டுமாம். இல்லையேல் பின்புறம் வழுக்கிச் சுழன்றுவிடும். அச்சு சுழலும் பிளாஸ்டிக் வளையங்களை நீக்கிச் சிறு பேரிங்குகளைப் பொருத்தினார். பெட்டியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. முதியவரே பையனிடம், "இதையே அட்டையில் செய்து பார், அழகு போகாது" என்றார்.

அன்றிரவு அவன் தீப்பெட்டி அட்டையை வெட்டி ஒட்டினான். கூடத்தில் நாற்காலிக் கால்களைச் சுற்றி வண்டி ஓடிற்று; கவிழவில்லை. தகரப்பெட்டியில் இப்போது நான் குண்டூசி வைத்திருக்கிறேன்.