ஒடியல் மாவும் எலிக்கூடுகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒடியற் கூழும் ஒடியற் பிட்டும் அறியாத வீடு இல்லை. அரிசி அரிதான நாள்களில் ஏழையின் அடுப்பை அணையாது காத்தது பனங்கிழங்கே. அத்தகைய உணவின்மீது 1971ஆம் ஆண்டில் ஓர் ஐயம் விழுந்தது. பேராதனையைச் சேர்ந்த அர்சகுலரத்ன, பனபொக்க முதலிய ஆய்வாளர், ஒடியல் மா ஊட்டப்பட்ட எலிகளில் நச்சு விளைவுகள் தோன்றியதைப் பிரித்தானிய நோயியல் ஏடு ஒன்றில் வெளியிட்டனர். நெடுநாள் ஊட்டிய எலிகளின் ஈரலில் நாளங்கள் அடைபட்டமை பற்றி 1976இல் மீண்டும் எழுதினர்.

ஒரு சமூகத்தின் உணவைப் பற்றிய தீர்ப்பு எலிக்கூட்டிலே பிறக்குமாயின், எந்த எலி எந்தக் கூட்டுக்குச் சென்றது என்பது சிறு வினாவன்று. கூட்டினுள் கைவிடுவோனுக்கு முதலில் அகப்படுவது ஓட்டங்குறைந்த எலி. அது நோயுற்றதாகவும் இருக்கலாம். முதலில் அகப்பட்ட பத்தும் ஒடியற் கூட்டுக்கே போயின், மா ஊட்டுமுன்னரே அக்கூடு நலிந்த கூடாகிவிடும். ஆகவே எலிகளை நிறுத்து, நிறைப்படி வரிசைப்படுத்தி, அடுத்தடுத்த இரண்டை ஒரு சோடியாக்கி, அவற்றுள் எது எங்கே என்பதைத் திருவுளச்சீட்டுக்கு விடுவர். ஆணும் பெண்ணும் தனித்தனியே பகுக்கப்படும். ஒரே ஈற்றுக் குட்டிகள் ஒரு கூட்டிலே குவியலாகா. சமன் செய்வது விதி. தெரிவு செய்வது சீட்டு. ஆய்வாளனின் இரக்கத்துக்கோ விருப்பத்துக்கோ அங்கு வேலையில்லை.

இரக்கம் செய்யக்கூடிய கேட்டுக்கு 1930இல் ஸ்கொட்லாந்தின் லனாக்ஷயரில் நடந்த பாற் பரிசோதனை சான்று. இருபதினாயிரம் பாடசாலைப் பிள்ளைகளுள் பாதிப்பேருக்கு நான்கு மாதம் பால் வழங்கப்பட்டது. குழுக்கள் சமனற்றவையாகத் தோன்றின் பிள்ளைகளை மாற்றியமைக்க ஆசிரியர்களுக்கு இடமளிக்கப்பட்டது. ஸ்ரூடன்ற் என்ற புனைபெயரில் எழுதிய கொசெற் 1931இல் அக்கணக்கை ஆராய்ந்தார். பால் பெறாத பிள்ளைகள் தொடக்கத்திலேயே ஏறத்தாழ மூன்று மாத வளர்ச்சிக்குரிய நிறையால் மிகுந்திருந்தனர். வாடிய பிள்ளைகளுக்கே பால் போகட்டும் என ஆசிரியர் மனம் இளகியிருக்கலாம் என்பது அவர் கருத்து. மேலும், மாரியில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் பிள்ளைகள் உடுப்புடனேயே நிறுக்கப்பட்டனர். ஏழைப்பிள்ளையிடம் கழற்றுதற்கு மாரி உடுப்பு எங்கே? இந்த ஒரு தொல்லையாவது எலிகளால் இல்லை. ஐம்பது சோடி ஒத்த இரட்டையர் போதியவராய் இருந்திருப்பர் என்றார் கொசெற். ஒரே ஈற்று எலிகளைப் பிரித்து வைப்பதன் நியாயமும் அதுவே.

ஒடியலைப் பொறுத்தவரை, தொடக்கச் சமன் மட்டும் போதாது. கசக்கும் மாவை எலி விரும்பியுண்ணாது. குறைவாய் உண்ட எலி மெலியும். அம்மெலிவு நஞ்சினாலா, பசியினாலா? ஒடியற் குழு நேற்று உண்ட அளவையே மற்றைக் குழுவுக்கு இன்று இட்டால்தான் இவ்வினாவுக்கு விடை கிடைக்கும். புரதக் குறைவும் ஈரலைத் தாக்குமாதலால், இரு தீனியிலும் புரதம் ஒத்திருத்தல் வேண்டும். கூடு வைக்கும் தட்டும், அதில் விழும் வெளிச்சமும், தீனியிடும் கையும் வேறுபடலாகா. ஈரலை நுணுக்குக்காட்டியில் நோக்குபவருக்கு அது எக்கூட்டு எலியினது என்பது தெரியாதிருத்தலே நன்று.

இன்னுமொன்று உண்டு. குடாநாட்டுப் பெண்கள் மாவை நீரில் ஊறவிட்டு, சீலையிற் பிழிந்து, கசப்பை நீக்கிய பின்னரே பிட்டவிப்பர். பச்சை மா உண்ட எலி அவ்வீட்டாரின் உணவை உண்டதாகாது. ஆதலின் பச்சை மாவுக்கு ஒன்று, ஒடியலற்ற தீனிக்கு ஒன்று என்பவற்றோடு, ஊறவிட்ட மாவுக்கென மூன்றாங் கூடொன்றும் வேண்டும். அதற்குரிய எலிகள் பின்னொரு நாளில் வேறிடத்திலிருந்து கொணர்ந்தவையாய் இருத்தல் ஆகாது. சோடிக்குப் பதிலாக மும்மூன்றாகப் பகுத்து, முதல் இரு கூடுகளையும் நிரப்பிய அதே சீட்டினாலேயே அக்கூட்டையும் நிரப்புதல் வேண்டும்.